பால்பல்லுக்கு ஒரு கட்டி

எனக்கு இனிப்பு ஆகாது. காபியையே சர்க்கரை இல்லாமல் குடிக்கிறவன். உங்கள் ஆள் கொண்டுவந்து வைத்த இந்த டீயில் மூன்று ஸ்பூனாவது போட்டிருப்பார். குறை சொல்லவில்லை, ஆறட்டும் என்று வைத்திருக்கிறேன். நான் தமிழிலேயே சொல்கிறேன் ஐயா. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நீலசந்திராக்காரராம், தமிழ் நன்றாகத் தெரியுமாம், கேட்டுக் கன்னடத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். எண்களை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதச் சொல்லுங்கள். எண்ணில் தப்பு வந்தால் எனக்குத் தாங்காது.

பெயர் ஸ்ரீகண்டன். சொந்த ஊர் ஆரணி. பதினாறு வருஷமாகப் பெங்களூரில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை. நெய், மிளகாய்த்தூள், பாட்டில் தண்ணீர் என்று கம்பெனிக்காரர்கள் கொண்டுவருவதைச் சோதித்து, எது எவ்வளவு இருக்கிறது என்று எழுதித் தருவோம். இந்தப் பதினாறு வருஷத்தில் நான் ஒரு பொய் ரிப்போர்ட் எழுதியதில்லை. எங்கள் முதலாளிக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஓதிவிட்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது ஸ்ரீகண்டன். கேக்காததையும் எழுதினா அது ரிப்போர்ட் இல்லப்பா, வம்பு." நான் அதை அப்படியே கடைப்பிடித்தேன். கடைசிவரை கடைப்பிடித்தேன் என்பதைத்தான் இப்போது குற்றம் என்கிறீர்கள்.

தொண்ணூற்று நான்கில் ஒரு காரியம் செய்தேன். யாரும் சொல்லாமல், என் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, ஓசூர் ரோடு ஓரமாகத் தூசி கூட்டி எடுத்துவந்து சோதித்தேன். தூசியில் காரீயம். பெட்ரோலில் கலக்கிறார்களே, அந்தக் காரீயம். ஆட்டோவும் ஸ்கூட்டரும் காரும் கக்கிக் கக்கி ரோட்டோரம் முழுக்கப் படிந்திருந்தது. நாற்பது பக்கம் எழுதி ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "தூசியில இருந்துட்டுப் போகட்டும். எவன் தூசியைத் திங்கிறான்? குழந்தைங்க உடம்புல இருக்குன்னு காட்டுங்க, அப்புறம் பேசலாம்." சபை சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த ஆள் சொன்னதில் நியாயம் இருந்தது. குழந்தைகள் உடம்பில் காட்டவேண்டும். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஓஸ்வால்ட் வந்தார். மர்பி டவுனில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கிறிஸ்துமஸுக்குச் சாக்லேட் செய்து அக்கம்பக்கம் விற்கிற குடும்பம். பொம்மனஹள்ளியில் ஒரு மாடி வாடகைக்கு எடுத்து அதைத் தொழிலாகவே ஆரம்பித்திருந்தார். பேப்பரில் எவனோ எழுதிவிட்டானாம், கறுப்புச் சாக்லேட் இதயத்துக்கு நல்லது, மூளைக்கு நல்லது, அதில் பாலிஃபீனால் என்று ஒரு சத்து இருக்கிறது என்று. அந்தப் பேப்பர் துண்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார், சாமி படம் மாதிரி.

"அந்தச் சத்து எவ்ளோ இருக்குன்னு மட்டும் எழுதிக் குடுங்க சார். பாக்கி இன்னா இருந்தா நமக்கு இன்னா?"

பாருங்கள், இதை அவர் வாயாலேயே சொன்னார்.

சத்து நிறையவே இருந்தது. அதில் அந்த மனிதர் ஏமாற்றவில்லை. அன்று காலை உலோகம் பார்க்கிற கருவியை வேறு வேலைக்காக ஓடவிட்டிருந்தேன். பழக்கதோஷம், இந்தச் சாக்லேட்டையும் ஒரு சிட்டிகை கரைத்து வைத்தேன். காட்மியம் கொஞ்சம் இருந்தது. அது மண்ணிலிருந்து வருவது, அதில் எனக்கு அக்கறை இல்லை. காரீயம் பத்து லட்சத்தில் 3.8 பங்கு. நாக்கில் வைக்கிற பண்டத்தில் இருக்கவே கூடாத அளவு. ரிப்போர்ட் தாளில் ஒரே ஒரு வரிதான் அச்சடித்திருந்தது. பாலிஃபீனால் எண்ணை அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஓஸ்வால்ட் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சக்கத்தா வந்திருக்கு சார், சூப்பர்" என்றார்.

அடுத்த ஞாயிறு பொம்மனஹள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். தெற்குக் கன்னட மாவட்டத்திலிருந்து கோகோ கொட்டை மூட்டையில் வருகிறது, மழைக்காலத்தில் அரைகுறை ஈரமாக. அதை மொட்டை மாடியில் பரப்பி வாரக்கணக்கில் காயவைக்கிறார்கள். மாடிக்கு நேர் கீழே ஓசூர் ரோடு, சிக்னல், பெட்ரோல் பங்க். வண்டிகள் நின்று உறுமி உறுமிக் கிளம்புகிற இடம். புகை முழுக்கக் கொட்டையின் தோலில் படிகிறது. எல்லாரும் தோலை உரித்து எறிவார்கள். ஓஸ்வால்ட் தோலோடு அரைத்தார். தவிடு எடுக்காத அரிசியில்தான் சத்து என்று யாரோ சொன்னார்களாம், அந்த அறிவைக் கோகோவுக்கும் நீட்டிவிட்டார். அவர் மனைவி மௌரீன் பெருமையாக ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினாள். "ஒண்ணும் வேஸ்ட் பண்றதில்ல சார், எல்லாமே உள்ள போயிடும்."

ரோட்டுப் பக்கம் காயவைக்காதீர்கள். தோலை எடுத்துவிடுங்கள். இரண்டே வாக்கியம். இரண்டும் என் நாக்கு நுனியில் இருந்தன. ஓஸ்வால்ட் கேட்டார், "எல்லாம் ஓகே தானே சார்?" நீங்கள் கேட்ட சத்து நன்றாக இருக்கிறது என்றேன். அது உண்மை. படியிறங்கும்போதுதான் அந்தப் பேராசிரியரின் முறுக்கு ஞாபகம் வந்தது. தூசியை எவன் தின்பான் என்று கேட்டாரே, இதோ தின்பதற்கு என்றே பொட்டலம் கட்டித் தருகிறார்கள்.

ஓஸ்வால்டின் சாக்லேட் கட்டிகள் அப்போது விற்கவில்லை. கசப்பு. அதைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான், மறைக்கவில்லை. என் மகள் கிருத்திகா படித்த பள்ளி. மர்பி டவுனில் நான்கு அறையும் ஒரு வேப்பமரமும் வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் பள்ளி என்று போர்டு மாட்டியவர் பவுலின் மிஸ். தொண்ணூற்று ஏழு ஜூனில் பெற்றோர் கூட்டத்தில் நான் இருபது நிமிஷம் பேசினேன். பாலிஃபீனால், ரத்த ஓட்டம், மூளை வளர்ச்சி. வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அதே கூட்டத்தில் முந்தின வருஷம் சொன்னேன், அன்றைக்குக் கொட்டாவி விட்டவர்கள். சாக்லேட் தின்றால் புத்தி வளரும் என்றால் மட்டும் படித்தவன் படிக்காதவன் எல்லாருக்கும் மண்டையில் டக்கென்று ஏறிவிடுகிறது. பவுலின் மிஸ் அங்கேயே முடிவு செய்தார். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கட்டி. சர்க்கரை கூடச் சேர்த்துச் செய்து தருவதாக ஓஸ்வால்ட் ஒப்புக்கொண்டார்.

முறையான சோதனை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதே தெரு, அதே காற்று, அதே தண்ணீர், ஆனால் சாக்லேட் கிடையாது. அதற்குக் கிருத்திகாவை வைத்துக்கொண்டேன். அவளுக்குச் சாக்லேட் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடிக்கும், தயவுசெய்து தரவேண்டாம் என்று மிஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது பொய் என்கிறீர்கள். கடிதம் வேறு, ரிப்போர்ட் வேறு. அதோடு, எந்தத் தகப்பனும் தன் பிள்ளையைக் காப்பாற்றத்தானே பார்ப்பான். முதல் நாள் அழுதுகொண்டு வந்தாள். "எல்லாருக்கும் குடுத்தாங்கப்பா. எனக்கு மட்டும் குடுக்கல." பழகிவிடும் என்றேன்.

உடம்பில் காரீயம் சேருகிற இடம் எலும்பும் பல்லும். எலும்பை யாரும் தரமாட்டார்கள். ஆனால் ஆறு வயதிலிருந்து பால்பல் தானாக விழுகிறது. நம்மவர்கள் அதைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். அத்தனை தகவலையும் கூரையில் எறிகிறார்களே என்று. எனவே பிள்ளைகளிடம் ஓர் ஒப்பந்தம் போட்டேன். விழுந்த பல்லைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தால் பல்லுக்கு ஒரு கட்டி. ஓஸ்வால்டிடம் நானே வாங்கிப் பையில் வைத்திருப்பேன். முதலில் வந்தவன் டிரேவர், எதிர்வீட்டுப் பையன். பல்லைக் கையில் பொத்திக்கொண்டு, உதட்டில் ரத்தத்தோடு ஓடிவந்தான். "அங்கிள், ஆடாததையும் புடுங்கிட்டு வந்தா குடுப்பீங்களா?" விழுந்தது மட்டும் போதும் என்றேன். எனக்கும் மனசாட்சி உண்டு.

ஒவ்வொரு பல்லையும் தனித்தனித் தீப்பெட்டியில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதினேன். அமிலத்தில் கரைத்துக் கருவியில் அளந்தேன். முதல் வருஷம் பத்து லட்சத்தில் நான்கு, ஐந்து பங்கு. அடுத்த வருஷம் எட்டு, ஒன்பது. டிரேவரின் மூன்றாவது பல் பன்னிரண்டைத் தொட்டது. வரைதாளில் புள்ளி வைத்தால் கோடு போட்டதுபோல ஏறியது. கிருத்திகாவின் முதல் பல் சாக்லேட் வந்த அதே மாதம் விழுந்தது. அது மூன்று. வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளிடம் மாறுதல் தெரிந்ததா என்று கேட்டீர்கள். தெரிந்தது. தொண்ணூற்று எட்டு கடைசியில் பவுலின் மிஸ் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னன்னே தெரியல சார், இந்த வருஷம் செகண்ட் ஸ்டாண்டர்ட் ரொம்ப டல்லா இருக்கு. எழுத்தையே மறக்குதுங்க. வயித்து வலின்னு பாதி நாள் லீவு. சாக்லேட்டை ரெண்டா குடுத்துப் பாக்கட்டுமா? பிரெயினுக்கு நல்லதுன்னீங்களே?" இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் நாம் பிள்ளைகளை அனுப்புகிறோம். இரண்டு கொடுத்தால் அந்தச் சத்து இரண்டு மடங்கு போகும் என்றேன். கணக்கு சரிதானே. மறுநாளிலிருந்து இரண்டு கொடுத்தார்.

கிருத்திகாவும் படிப்பில் பின்தங்கினாள். ஏழாம் வாய்ப்பாடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஏழைந்தில் வந்து நிற்பாள். மோட்டுவளையைப் பார்ப்பாள். நான் கையை ஓங்கியதில்லை, ஆனால் வாய் சும்மா இருக்காது. மக்கு என்றேன். உன் அம்மா வீட்டுப் புத்தி என்றேன். என் மனைவி பாமா, "கொழந்தைக்குச் சாப்பாடே எறங்கலைங்க, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு, அதைப் போய் வையுறீங்களே" என்பாள். இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை கொடு என்றேன்.

தொண்ணூற்று ஒன்பது ஜனவரியில் அவளுக்கு மேல்வரிசைப் பல் ஒன்று விழுந்தது. பாமா சாணி தேடிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். ஒப்பீட்டுக்கு அந்தப் பல்தான் முக்கியம். மூன்று இருக்கவேண்டும், அதிகம் போனால் நான்கு. கருவி பத்தொன்பது காட்டியது. பத்தொன்பது புள்ளி நான்கு. அமிலத்தை மாற்றினேன், குடுவைகளைத் திரும்பக் கழுவினேன், மிச்சமிருந்த கரைசலை இரண்டு தடவை ஓட்டினேன். பத்தொன்பது புள்ளி நான்கு. பள்ளியிலேயே அதுதான் பெரிய எண்.

வீட்டுக்கு வந்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஸ்கூலில் சாக்லேட் தின்றாயா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"மிஸ் குடுக்கல. நீங்கதான் லெட்டர் குடுத்தீங்களே."

"வேற யாரு குடுத்தா?"

"எல்லாரும்." விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். "டிரேவர், லவினா, சிந்து... எனக்கு மட்டும் இல்லேன்னு பாவம் பாத்துத் தருவாங்கப்பா. எச்சில் இல்ல. காக்காக் கடி."

காக்காக் கடி உங்களுக்கும் தெரிந்திருக்கும். பண்டத்தைச் சட்டை நுனியில் சுற்றி, துணிக்கு மேலே கடித்து உடைத்து, பாதியைத் தோழனுக்குத் தருவது. வாய் படாததால் எச்சில் ஆகாது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் அவளைத் தவிர முப்பது பேர். அவளுக்கு மட்டும் சாக்லேட் இல்லை என்று, முப்பது பேரும் தினம் ஆளுக்கு ஒரு கடி உடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை வருஷமாக. கட்டி இரண்டானதும் கடியும் பெரிதாகியிருக்கிறது. கையில் ஒரு கட்டி கிடைத்தவர்களைவிட, கிடைக்காத என் மகள் அதிகம் தின்றிருக்கிறாள். சோதனையைக் கெடுப்பதற்கென்றே இந்தப் பிள்ளைகளுக்கு இரக்கம் வருகிறது பாருங்கள்.

இனிமேல் யாரிடமும் வாங்கித் தின்னாதே என்றேன். "சரிப்பா" என்றாள். நோட்டைத் திறந்து அந்த எண்ணைப் பென்சிலால் அடித்தேன். அது இருந்தால் கோடு கோணலாகிவிடும். எந்த ஆராய்ச்சியிலும் ஒட்டாத புள்ளியை நீக்குவது வழக்கம்தான்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் ரைட்டர் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டார். நல்ல மனிதர், அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். விஷயம் இதுதான். காரீயம் இல்லாத பெட்ரோல் ஊர் முழுக்க வரப்போகிறது என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். அது வந்துவிட்டால் மாடியில் படிய எதுவும் இருக்காது. இப்படி ஒரு வாய்ப்பு இந்த ஊரில் இன்னொரு முறை கிடைக்காது. அந்த முறுக்குப் பேராசிரியருக்கு முன்னால் போய் நிற்க எனக்கு இன்னும் பதினோரு பல் தேவைப்பட்டது. நடுவில் கிருத்திகாவைப் பள்ளி மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். மகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டான் என்ற பேச்சும் எனக்கு வேண்டாம்.

பிப்ரவரியில் வயிற்று வலி தாங்காமல் சுருண்டு படுத்தாள். பாமா அழுதுகொண்டே தூக்கிக்கொண்டு ஓட, நானும் கூடப் போனேன். டாக்டர் இளம் பையன், கெட்டிக்காரன். ஈறைப் பார்த்தான், நகத்தைப் பார்த்தான். "வீட்ல பெயிண்ட் உதிருதா சார்? பாட்டரி வேலை செய்யறவங்க யாராவது? நாட்டு மருந்து, கண் மை?" காரீயத்தின் வாசல்வரை வந்துவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. பெயிண்ட் இல்லை, பாட்டரி இல்லை, மருந்து இல்லை, மை இல்லை என்றேன். நான்கு கேள்வி, நான்கு உண்மையான பதில். சாக்லேட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை. இரும்பு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், பாமா விளக்கேற்றத் தீப்பெட்டி தேடி என் அலமாரியைத் திறந்திருக்கிறாள். நாற்பத்தேழு தீப்பெட்டி. ஒன்றைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். உள்ளே லவினாவின் முன்பல். பக்கத்தில் நோட்டு. படிப்பு அதிகம் இல்லாதவள், ஆனால் மகள் பெயர் படிக்கத் தெரியும், பக்கத்தில் அடித்திருந்த எண்ணும் மற்ற எல்லா எண்ணையும்விடப் பெரிது என்று தெரியும். நோட்டை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரிடமே போய்விட்டாள். நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலில் பவுலின் மிஸ், ஓஸ்வால்ட், டிரேவரின் தகப்பன், தெருவே நின்றது. ஓஸ்வால்ட் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே தோலை எடுத்துருப்பேனே சார். ஒரே ஒரு வார்த்தை." இப்போதுதான் அவருக்குச் சரியான கேள்வி கேட்கத் தெரிகிறது.

பாமா என்னைத் திட்டவில்லை. கிருத்திகாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். நீ கேட்கவில்லையே என்றேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் எதுவுமே கேட்பதில்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். காரீயம் இருப்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பள்ளிக்கு அதை அனுப்பியவன் நான். இரண்டாகக் கொடுக்கச் சொன்னவன் நான். கிருத்திகாவின் வகுப்பில் மட்டும் முப்பத்தொரு பிள்ளைகள். போன புத்தி முழுக்கத் திரும்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லையாம். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு ஆட்சேபம் இல்லை. நோட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். அந்தக் கோடு சரியானது.

ஆனால் முதல் தாளில் ஒரு வரி தப்பாக இருக்கிறது, அதைத் திருத்தவேண்டும். பெற்ற மகளுக்கே விஷம் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு மட்டும் கூடாது என்று என் கைப்படக் கடிதம் எழுதியிருக்கிறேன், பவுலின் மிஸ்ஸிடம் இருக்கும், வாங்கிப் பாருங்கள். நான் அவளுக்கு ஒரு துணுக்குகூடக் கொடுத்ததில்லை ஐயா. கொடுத்ததெல்லாம் அந்தப் பிள்ளைகள்தான்.